வீட்டுத் தோட்டமா? விதைக்கும் முன் மழையைப் பாருங்க!

"மார்ச் வந்தாச்சு, விதை போடுங்க" என்று சொல்லும் வீடியோக்கள் உங்க ஃபோனிலும் வந்திருக்கும். அவற்றில் பல குளிர் நாடுகளில் எடுத்தவை. அங்கே கடைசி உறைபனி போன பிறகுதான் நாற்றை வெளியே நட முடியும். நம்ம நீலகிரியிலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அதனால் அங்கே முதல் போகம் ஏப்ரல், மே மாதங்களில்தான் தொடங்குகிறது.

கருங்கல் பக்கம் உறைபனி கிடையாது. இங்கே நாள் குறிப்பது மழை. குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பருவம் இருப்பது உங்களுக்குத் தெரியும். காய்கறிக்கும் மழையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கணும். மாதம் தவறினால் விதைக் காசும் உங்க உழைப்பும் வீண்.

எப்போது எதைப் போடலாம்?

• மாசி: சேனை நடலாம்.
• சித்திரை கடைசி, வைகாசி: கோடை மழை விழுந்ததும் வெண்டை விதைக்கலாம், வழுதலை, மிளகாய் நாற்று நடலாம். பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.
• ஆனி, ஆடி: கீரை விதைப்பதைத் தள்ளிப் போடுங்க. ஒரு பலத்த மழையில் விதை அடித்துப் போய்விடும்.
• ஆவணி, புரட்டாசி: தக்காளி, பயறு, கீரைக்கு நல்ல நேரம்.
• தை: பாகல், புடலை, வெள்ளரி. தண்ணீர் வசதி இருக்கணும்.

இடமும் மண்ணும்

தென்னை, ரப்பர் நிழல் விழாத இடமாகப் பாருங்க. தினமும் ஐந்து, ஆறு மணி நேர வெயில் வேணும். முற்றத்தில் இடம் இல்லையா? மொட்டை மாடியில் பை வைத்து வளர்க்கலாம்.

நம்ம செம்மண்ணில் புளிப்புத் தன்மை அதிகம். ஒரு சென்ட்டுக்கு 2 கிலோ சுண்ணாம்புத் தூள் கலந்து, இரண்டு வாரம் கழித்து மக்கிய சாணம் போடுங்க. பாத்தியை ஒரு அடி உயர்த்தி, தண்ணீர் வடிய வழி விடுங்க. தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிவிடும்.

தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடிச் சாய்ந்தால் அது வாடல் நோய். உடனே வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்க. அந்த இடத்தில் மறுபடியும் தக்காளி, வழுதலை, மிளகாய் வைக்காமல் வெண்டையோ பயறோ போடுங்க.

விதை எங்கே கிடைக்கும்?

2025-ல் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய தொகுப்பு முழு மானியத்தில் தரப்படுகிறது. உழவன் செயலியிலோ தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ பதிவு செய்யலாம். கிள்ளியூர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். இருப்பு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்க. விதைப் பாக்கெட்டில் காலாவதித் தேதியையும் பாருங்க.

முதல் தடவை ஆறு பை போதும். இரண்டில் கீரை, இரண்டில் வெண்டை, மீதியில் மிளகாய். கீரையை 25 நாளில் பறிக்கலாம், வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். மிளகாய்க்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.