காஞ்சி தந்த இசைக் குடும்பம்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டாலும் பெயர்பெற்ற நகரம். ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள், காமாட்சியம்மன் ஆகியோர் திருக்கோயில்கள் அங்கே சிறந்து விளங்குகின்றன. இறைவனை இசையால் போற்றும் வழக்கம் அந்நகரில் தொன்றுதொட்டு வேரூன்றியது. அங்கு வளர்ந்த ஓர் இசைக் குடும்பத்தின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

காஞ்சிக்கு அணித்தே உள்ள தாமல் என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு கொண்டவர் கிருஷ்ணசாமி தீட்சிதர். அவர் இசையில் பெரும் பற்றுடையவர். அவர்தம் மனைவியார் காந்திமதி அம்மையாரோ இசைத்திறம் வாய்ந்தவர். ஆயினும், அக்காலத்து ஆசார முறைகள் குறுக்கே நின்றமையால், உற்றார் உறவினர் முன்னிலையிலும் அவர் பாடுவதற்கு இசைவு இல்லை. அவ்வம்மையாரின் மகளாக 1919 ஆம் ஆண்டில் தோன்றியவரே பட்டம்மாள். அரங்கநாதன், நாகராசன், ஜெயராமன் ஆகியோர் அவருடன் பிறந்தவர்.

அந்நாளில் காஞ்சியில் நாயனாப் பிள்ளை என்னும் பெரும் பாடகர் வாழ்ந்தார். தாள நுட்பத்தில் அவர் தலைசிறந்தவர். தியாகராசர் விழாவை ஊரில் சிறப்புற நடத்தியவர். அவர்தம் குடும்பத்துத் தனகோடி அம்மாளும் பாட்டில் புகழ்பெற்றவரே. ஆனால், இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்து மகளிர்க்கு வாய்த்த மேடை, பட்டம்மாள் பிறந்த சமூகத்துப் பெண்களுக்கு வாய்க்கவில்லை.

பட்டம்மாள் ஆசிரியர் இல்லத்தில் தங்கிப் பயிலும் குருகுல வாய்ப்பைப் பெற்றாரில்லை. கச்சேரிகளை ஊன்றிக் கேட்பார். வீடு திரும்பியதும், கேட்ட பாடல்களையும் இராகத்தின் சிறப்பான பிடிகளையும் சுரப்படுத்தி எழுதிவைப்பார். சகோதரர் அதற்குத் துணைபுரிந்தனர். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்பது பெயர். தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்து அதனை நெய்தல் அரிது; மறுபுறம் நாடாவைச் செலுத்த மற்றொருவர் வேண்டும். இக்குடும்பத்தின் இசைக்கல்வியும் அத்தகையதே.

தந்தையார் தயங்கிய காலத்தும், பள்ளித் தலைமையாசிரியை ஊக்கமளித்தார். இளமையிலேயே பட்டம்மாளின் குரல் வானொலியில் ஒலித்தது. 1932 ஆம் ஆண்டில் அவர் சென்னையில் மேடையேறிக் கச்சேரி செய்தார். பின்னர் அம்பி தீட்சிதரிடமும் டி. எல். வெங்கடராம ஐயரிடமும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளையும், பாபநாசம் சிவனிடம் அவர் இயற்றிய பாடல்களையும் கற்றார்.

இராகம், தானம், பல்லவி என்னும் பகுதியில், ஒரே வரியைத் தாளம் பிறழாது பல காலங்களில் பாடுதல் வேண்டும். அஃது ஆடவர்க்கே உரியது எனக் கருதப்பட்டு வந்தது. பட்டம்மாள் அதனைத் துணிந்து மேடையில் பாடிக் காட்டினார். பாரதியார் பாடல்களைப் பாடி, மக்கள் உள்ளத்தில் நாட்டுப்பற்றையும் வளர்த்தார்.

அரங்கநாதன் தமக்கையாருக்குப் பின்பாட்டுப் பாடினார். இளவல் ஜெயராமனோ அவரிடமே இசை பயின்று, உடன்பாடி, பின்னர்த் தனிப்பெரும் பாடகராகவும் நல்லாசிரியராகவும் விளங்கினார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை 1970 இல் தமக்கையாரும் 1990 இல் தம்பியாரும் பெற்றனர். ஜெயராமன் 1991 ஆம் ஆண்டில் மறைந்தார். 1998 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற பட்டம்மாள், 2009 ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். அவர்தம் பேர்த்தியாகிய நித்யஸ்ரீ மகாதேவனும் புகழ்பெற்ற பாடகரே.

உறவினர் முன்னிலையிலும் பாட இயலாதிருந்த ஓர் அன்னையின் மக்கள், நாடறிந்த பாடகராயினர். திறமை பிறப்பால் அமையலாம். அஃது ஓங்கி வளர, கூர்ந்து கேட்கும் செவியும், அயராத உழைப்பும், உடன்பிறந்தோர் துணையும் வேண்டும். எனவே, மாணவர்களே, உங்கள் இல்லத்தில் உடன்பிறந்தாளிடம் ஒரு கலைத்திறம் காணின், அதனை அடங்கிக் கிடக்க விடாது, அது வெளிப்படத் துணை நில்லுங்கள்.