மழலைக்கு முதல் எழுத்து

இரண்டு, மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் 247 எழுத்துகளையும் அட்டவணையாக நீட்டாதீர்கள். அதன் பெயரின் முதல் எழுத்தே நல்ல தொடக்கம். அடுத்து ட, ப, ம. சுழியும் வளைவுமான ‘அ’வைவிட இவை கண்ணில் சுலபமாகப் பதியும். புள்ளியையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று சொற்களே வந்துவிடும்!

தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். பென்சிலுக்கு அவசரமில்லை; பிஞ்சு விரல்களுக்கு வலு வர நாளாகும். வெளியே போகும்போது பேருந்துப் பலகையில், கடைப் பெயரில் ‘ப’ எங்கே என்று தேடச் சொல்லுங்கள். மனப்பாடத்தைவிட இதில் பலன் அதிகம்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதினால் பதற வேண்டாம், ஆறேழு வயதுவரை அது இயல்புதான். ல, ள, ழ குழப்பத்துக்கும் திட்டாதீர்கள். பல்லி, பள்ளி, வலி, வழி என்று நீங்கள் திருத்தமாக உச்சரித்துக் காட்டுங்கள். வேறுபாடு முதலில் காதில் ஏற வேண்டும். பிறகுதான் அது கைக்கு வரும்.

நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினால், அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.