சுண்ணாம்பு நீற்றுதலும் உஷ்ணமும்

செய்யாற்றங்கரையிலுள்ள மாகறல் முதலிய கிராமங்களில், வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கும் சுட்ட சுண்ணாம்பையே பயிர்களுக்குப் போர்டோ கலவை கூட்டவும் உபயோகிக்கலாம். அதன்மீது நீர் பட்டவுடன் சீறிக் கொதித்து மாவாவதை யாவரும் கண்டிருப்பர். அடுப்பின்றி இவ்வுஷ்ணம் எங்ஙனம் உண்டாகிறது என்பதை அறிந்தால், அபாயத்தைத் தவிர்ப்பதோடு சுண்ணாம்பின் தரத்தையும் அறியலாம்.

இரசாயன மாறுதல்களுள் சில உஷ்ணத்தை உட்கொண்டு நிகழ்வன. சில உஷ்ணத்தை வெளிவிட்டு நிகழ்வன. சுண்ணாம்பில் இவ்விரண்டும் உண்டு. காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடில் சுடப்படுங்கால், சுண்ணாம்புக்கல் உஷ்ணத்தை உட்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும்.

கல் உட்கொண்ட உஷ்ணம் அழிவதில்லை. நீற்றும்பொழுது அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாக வெளிப்படுகிறது. ஒரு கிலோ சுண்ணாம்பு நீறுகையில் பிறக்கும் உஷ்ணம், 3 லிட்டர் கிணற்றுநீரைக் கொதிக்கச் செய்யப் போதியது. எஞ்சிய பங்கு, நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகும்பொழுது மெல்ல வெளிவருவதால் நமக்குப் புலப்படுவதில்லை.

ஆகவே, நீர் தெளித்தும் சூடேறாத சுண்ணாம்பு, பெரும்பாலும் ஈரத்தையும் காற்றையும் ஏற்று முன்னரே வலுவிழந்ததாகும். கல்லாக மாறிய அத்தகைய சுண்ணாம்பு மயில்துத்தத்தின் காரத்தைத் தணியாது. தெளித்த இலைகள் கருகும். நூற்றுக்கு ஒரு பங்குக் கலவைக்கு, மயில்துத்தம் ஒரு கிலோவும் புதிய சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவும் தனித்தனியே 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். சுண்ணாம்புநீரை நன்கு ஆறவிட்டு வடிகட்டி, துத்தநீரை அதில் கலக்கியவாறு ஊற்றுக. துலக்கிய கத்தியை அதில் சிறிது நேரம் அமிழ்த்தினால் செம்பு படியலாகாது. படிந்தால் மேலும் சுண்ணாம்புநீர் சேர்க்க.

நீற்றுவதற்கு மண் தாழியோ இரும்புத் தொட்டியோ ஏற்றது. பிளாஸ்டிக் வாளி ஆகாது. நீரை முதலில் வைத்து, கட்டிகளைச் சிறிது சிறிதாக இட்டு விலகி நிற்க. குழந்தைகளை அணுகவிடலாகாது. கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், உடனே சுத்தமான நீரை 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்க.

சுட்ட சுண்ணாம்பு மூட்டைகளை வைக்கோலுக்கும் சாக்குக்கும் அருகில் அடுக்கலாகாது. ஒழுகும் கூரையின் நீர் பட்டால், அவ்வுஷ்ணத்தால் அவை தீப்பற்றக்கூடும். மழைக்காலத்திற்கு முன் கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.