காரிலும் ஒரு கம்ப்யூட்டர்: பி0420 எர்ரரைப் புரிந்துகொள்வோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எர்ரர் மெசேஜைக் கண்டு பயப்படுவதுண்டு. காரில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிவதும் ஓர் எர்ரர் மெசேஜ்தான். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில், "கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டால் பல ஆயிரம் ரூபாய் செலவு. பணம் கொடுக்கும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது புகைக் குழாயில், சைலன்சருக்கு முன்னால் உள்ள டப்பா. உள்ளே தேன்கூடு போன்ற செராமிக். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நச்சான கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைக் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என மாற்றிவிடுகிறது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் பட்டால் இந்தப் பூச்சு கெட்டுவிடும். ஆனால் நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000-ல்தான். சென்னையில் கார் வாங்கி நம் ஊர்ப்பக்கம் ஓட்டிவந்தவர்கள் பெட்ரோலுக்கு என்ன செய்தார்களோ!

சோதனைக்கு வருவோம். ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 முனை கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஈ.எல்.எம்.327 புளூடூத் அடாப்டரைச் செருகி, ஆண்ட்ராய்டு போனில் டார்க் போன்ற ஆப்பைத் திறக்கவும். (மலிவான புளூடூத் அடாப்டர்கள் பல ஐபோனில் வேலை செய்யாது. கேட்டு வாங்கவும்.)

பி0420 என்று வந்தால், கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகக் கார் கம்ப்யூட்டர் சந்தேகிக்கிறது என்று பொருள். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. முன் சென்சார் சாதாரண வகையாக இருந்தால் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். பின் சென்சார் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆப்பில் இரண்டையும் கிராஃபாகப் பாருங்கள். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் மீது சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் அவசரப்பட வேண்டாம். புகைக் குழாயில் ஓட்டை, பழுதான சென்சார் இவற்றாலும் இதே கோடு வரும்.

கூடவே பி0300 வந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, செராமிக்கையே உருக்கிவிடும். ஸ்பார்க் பிளக், காயிலைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும்.

தட்டினால் உள்ளே கடகடவென்ற சத்தம், அழுகிய முட்டை நாற்றம், மேட்டில் இழுவைக் குறைவு ஆகியவையும் அறிகுறிகள். கோடை அழித்து விளக்கை அணைத்துத் தந்தால் ஏமாறாதீர்கள். பழுது இருந்தால் சில நாள் ஓட்டத்திற்குள் மீண்டும் எரியும்.