சங்கத்தின் பயிற்சிக் குழுவில் சேருங்கள்

தொழிற்சங்கத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. மருத்துவர், பொறியாளர், தணிக்கையாளர், நூலகர், மருந்தாளுநர் என்று ஒரே தொழிலைச் செய்பவர்கள் தொழிலின் தரத்துக்காகக் கூடி நடத்துகிற சங்கங்களைப் பற்றிப் பேசுகிறேன். பலர் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், மாநாட்டுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறார்கள், உறவு அவ்வளவுதான். வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆகிவிட்டதென்றால் அதற்கு மேல் ஓர் அடி வையுங்கள். தேர்தலில் நிற்க வேண்டாம். கல்வி-பயிற்சிக் குழுவில் வேலை கேளுங்கள்.

அந்தக் குழுவால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. கணிதப் பேராசிரியராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் போய் நூலகப் பணியைப் பயின்று திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அந்தப் பயிற்சியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ அதே 1931இல் வெளியானது. வெளியிட்டதும் அதே சங்கம்தான். தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் கூடியவர்கள் தொடங்கிய வகுப்பு, இரண்டே ஆண்டில் பல்கலைக்கழகப் படிப்பாகிவிட்டது.

இன்று பல தொழில்களில் தொடர்கல்வி கட்டாயம். மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. தொழில் நடத்தும் பட்டயக் கணக்காளர்கள் அறுபது வயதுக்குக் கீழே இருந்தால் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் சேர்க்க வேண்டும். விதி நல்லதுதான். ஆனால் மணிக்கணக்குக்காக வருபவர் பின் வரிசையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தேவையான எதையும் அந்த மேடை தரவில்லை. அதைத் தர வைப்பதுதான் குழுவின் வேலை.

வழக்கமாக நடப்பது இது: நமக்குத் தெரிந்த பேச்சாளர் யார் என்று முதலில் பார்ப்போம், அவர் எதைப் பேசுவாரோ அதுவே தலைப்பாகிவிடும். இதைத் தலைகீழாக்க வேண்டும். சக ஊழியர்கள் எந்த இடத்தில் தவறு செய்கிறார்கள், எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள், எதற்காக ஒருவருக்கொருவர் போன் அடிக்கிறார்கள் என்பதை முதலில் தேடுங்கள். கல்லூரி நூலகங்களை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் பிறந்து 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா மென்பொருளை இங்கே நிறைய நூலகங்கள் வைத்திருக்கின்றன. விலையில்லாத் திறமூல மென்பொருள் அது. ‘கோஹா: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பில் ஒருநாள் பயிலரங்கு நடத்துவது சுலபம். மென்பொருளை ஏற்கெனவே நிறுவிவிட்டு, ஒரு நாள் சர்வர் படுத்துவிட்டால் பேக்கப்பிலிருந்து தரவை எப்படி மீட்பது என்று தெரியாமல் தவிக்கிற நூலகருக்கு அந்த அறிமுகம் எதற்கு? அவருக்குத் தேவை மூன்று மணி நேரம், ஆளுக்கொரு கணினி, வேண்டுமென்றே அழிக்கப்பட்ட ஒரு தரவுத்தளம், அதை அவர் கையாலேயே மீட்டெடுக்கும் பயிற்சி. அந்தத் தலைப்பு கூட்ட அறையில் கிடைக்காது. பத்துப் பேரிடம் தனித்தனியே போனில் பேசினால் கிடைக்கும். குழுவில் நீங்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த வேலை அந்தப் பத்து அழைப்புகள்தான்.

பேச்சாளரை அழைக்கும்போது தலைப்பை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். வருபவர்கள் யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், முடிந்து போகும்போது எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பெரிய பேர் உள்ளவர்கள்கூட இதை விரும்புகிறார்கள், தயாரிப்பு எளிதாகிறது. நேரத்தையும் நீங்கள்தான் காக்க வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை என்று போனால் பயிற்சிக்கென்று வைத்த காலைப்பொழுது கரைந்துவிடும். மூத்தவர்களுக்குரிய மரியாதையில் குறை வைக்காமல், அதை உணவு இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடத்துக்கு மாற்றலாம் என்று செயலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

எப்படி உள்ளே நுழைவது? ஆண்டுப் பொதுக்குழு முடிந்து புதிய செயற்குழு அமைந்த முதல் மாதம் நல்ல நேரம். செயலாளருக்கோ குழுவின் கன்வீனருக்கோ ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன், மாதம் இத்தனை மணி நேரம் தர முடியும், இன்ன வேலையை எடுத்துக்கொள்கிறேன். ‘எது வேண்டுமானாலும் செய்கிறேன்’ என்று எழுதினால் பதிவு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பதிவு மேசை கேவலமில்லை. ஆனால் அங்கேயே ஆண்டு முழுவதும் கழிந்துவிடும். முதலில் ஒரே ஒரு அரைநாள் வகுப்பைத் தொடக்கம் முதல் கணக்கு ஒப்படைப்பது வரை நடத்திக் காட்டுங்கள். அரசுப் பணியில் இருந்தால் சங்கப் பொறுப்பை ஏற்கும் முன் மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். தனியார் நிறுவனம் என்றாலும் சொல்லிவிட்டே செய்வது நல்லது. வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு எதிலும் அலுவலகத் தரவு இருக்கக் கூடாது.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். பதிவுக் கட்டணம் முழுவதும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் சொந்த ஜீபே எண்ணைக் கொடுக்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. ஸ்பான்சர் வந்தால் என்ன தருகிறார், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்பது மினிட்ஸில் ஏற வேண்டும். அரங்குக்கு வெளியே கடை போடலாம். பாடத்தில் கை வைக்கக் கூடாது. மருத்துவத்தில் இது இன்னும் கடுமை. மருந்து நிறுவனங்களுக்கான சந்தைப்படுத்தல் நெறிமுறை 2024இல் வந்துவிட்டது. தொடர்கல்விக்கு அவர்கள் செய்யும் செலவுக்கும் அதில் வரையறை உண்டு. படித்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் வாங்குகிறோம். ‘மிக நன்று’ என்று டிக் அடித்துத் தருகிறார்கள். பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. நம் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. ஆறு வாரம் கழித்து, வந்தவர்களில் சிலரைக் கூப்பிட்டு ‘அன்றைக்குக் கற்றதை அலுவலகத்தில் செய்து பார்த்தீர்களா, எங்கே நின்றுவிட்டது?’ என்று கேளுங்கள். அடுத்த வகுப்பின் பாடத்திட்டம் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஊதியம் கிடையாது. ஆனால் ஒரு வேலையைச் சிறு வரவுசெலவுக்குள் முடிப்பது, உங்களைவிட இருபது வயது மூத்தவரிடம் முடியாது என்று பணிவாகச் சொல்வது, தெரியாத ஒருவரிடம் உதவி கேட்பது எல்லாம் அலுவலகத்தில் பதவி உயர்ந்த பிறகே பழகக் கிடைக்கும். இங்கே அதற்கு முன்பே கிடைக்கிறது. பல ஊர்களில் உங்கள் தொழிலைச் செய்பவர்களுக்கு உங்கள் வேலை தெரிகிறது. சுயவிவரத்தில் ‘பயிற்சிக் குழு உறுப்பினர்’ என்று மட்டும் போடாதீர்கள். என்ன வகுப்பு நடத்தினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், பிறகு அவர்கள் எதைச் செய்தார்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இரண்டு மூன்று ஆண்டில் இடத்தை விட்டுக்கொடுங்கள். போவதற்கு முன், பேச்சாளர் பட்டியல், அரங்க வாடகை விவரம், பாடக் குறிப்புகள், அந்த ஆறு வார அழைப்புகளில் கிடைத்த பதில்கள் அனைத்தையும் சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் இருக்கும் ஒரே கோப்புறையில் போட்டு, அடுத்து வருபவரோடு ஒரு வகுப்பைச் சேர்ந்து நடத்திவிட்டுக் கிளம்புங்கள்.