மிக்ஸியை மூடி வையுங்கள், இடியாப்ப உரலை எடுங்கள்

வெந்த உருளைக்கிழங்கை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் நைசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைப்பது போஸ்டர் ஒட்டுகிற பசைதான். வேகும்போது கிழங்கின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி, செல்களுக்குள் உப்பிப்போய் இருக்கிறது. மிக்ஸி பிளேடு அந்தச் செல்களைக் கிழித்துவிட்டால் மாவுச்சத்து வெளியே வந்து இழுக்கத் தொடங்கும். அதற்குமேல் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் மீட்க முடியாது. கிழங்கை அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும்.

மேலைநாட்டுக்காரர்கள் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நான் அதை வாங்கவில்லை. வீட்டில் இடியாப்ப உரல் இருக்கும்போது எதற்கு? சூடு ஆறுவதற்குள் தோலை உரித்துப் பிழிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறிவிட்டால் கை வலிக்கும், கட்டியும் தட்டும்.

கிழங்கு வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினாலே தோல் உரிகிற புதுக் கிழங்கில் நீர் அதிகம். அது குழம்புக்குப் போகட்டும். மசிக்க, தோல் தடித்த பழைய கிழங்குதான் சரி. முளைவிட்டதும் பச்சை படர்ந்ததும் எதற்குமே வேண்டாம். வேகாத கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, மசியல் அசட்டுத் தித்திப்பாகிவிடும்.

தோலோடு முழுசாக, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நடு வேகுமுன் வெளிப்புறம் குழைந்துவிடும். குக்கர்தான் வசதி என்றால் தண்ணீரில் முங்கப் போடாமல், இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடலாம்.

பிழிந்ததை அடிகனமான பாத்திரத்தில், சிறு தீயில், ஈரம் ஆவியாகும்வரை மெதுவாகப் புரட்டுங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இது. தண்ணீர் போன இடத்தில்தான் வெண்ணெயும் பாலும் ஏறும். முதலில் வெண்ணெய், பிறகு பால். பால் சூடாக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு பல் பூண்டைத் தட்டிப் பாலிலேயே கொதிக்கவிட்டு வடிகட்டுவது என் வழக்கம்.

வெண்ணெய் எவ்வளவு? பாரிஸில் இந்த மசியலாலேயே பேர் வாங்கிய சமையல்காரர் ழோயல் ரோபுஷோன், ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ போட்டுவந்தார். மசித்ததை மெல்லிய சல்லடையில் வேறு தேய்த்து எடுத்தார். ஓட்டலுக்கு அது சரி. வீட்டில் கிலோவுக்கு 100 கிராம் வெண்ணெய், 200 மில்லி பால் எனக்குப் போதும். பாக்கெட் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருக்கும். ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். மேலே மிளகுத்தூள்.

மிஞ்சியது ஃபிரிட்ஜில் இறுகிவிடும். கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் சூடாக்கினால் ஓரளவு இளகும். எங்கள் வீட்டில் அதற்குள் யாராவது கட்லெட் கேட்டுவிடுவார்கள். இறுகிய மசியல் அதற்குத்தான் தோது.