கடம்பூர் மாளிகையின் இருள்
('பொன்னியின் செல்வன்' பற்றிய வாசகர் கருத்து வேறுபாடுகள்: ஓர் ஆய்வு)

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலை மாணவி ஒருத்தி, தமிழக வரலாறும் பண்பாடும் என்னும் தாளில், "ஆதித்த கரிகாலனை நந்தினி என்பவள் சூழ்ச்சியால் கொன்றாள்" என்று எழுதியிருந்தாள். நான் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட அம்மாணவி, "ஐயா, நந்தினி கொல்லவில்லை என்றால் வேறு யார் கொன்றார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்தது. பழுவேட்டரையர் என்றனர் சிலர்; ரவிதாசன் என்றனர் சிலர். "அந்தக் கதையே வளவளப்பு, மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன்" என்றான் ஒருவன். மணி அடித்த பின்னரும் எவரும் எழவில்லை.

ஒரு புதினம் தோன்றி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒரு வகுப்பறையைப் பிளக்குமாயின், அதன் காரணத்தை ஆராய்வது தமிழ்த்துறையின் கடமையாகும். 'பொன்னியின் செல்வன்' குறித்து வாசகர் கொண்டுள்ள மாறுபட்ட கருத்துகளைத் தொகுத்து, அவற்றுள் ஏற்கத்தக்கன யாவை எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சதிக்கதை என்னும் மரபு

தமிழ்ப் புதினம் தோன்றிய காலந்தொட்டே சூழ்ச்சியும் கடத்தலும் ஆள்மாறாட்டமும் அதனோடு உடன்வந்துள்ளன. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அடுத்து, 1885இல் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். அது கடத்தப்பட்ட குழந்தை ஒன்றின் வாழ்வைப் பின்தொடரும் கதை. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் கதைகளால் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். அக்கூட்டத்தை வரலாற்றின் பக்கம் திருப்பியவர் கல்கி.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. இதனை வரலாற்றுப் புதினம் என்றே வழங்குகிறோம். எனினும் மன்னர், அரண்மனை, பாசுரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் நோக்கினால், இஃது ஒரு விரைவான சதிக்கதை என்பது விளங்கும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவன், அன்றிரவே கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிப் பேசும் இரகசியத்தை அறிகிறான். சுந்தர சோழருக்குப்பின் ஆதித்த கரிகாலனை விலக்கி மதுராந்தகனை அரியணையேற்றுவது அவர்கள் திட்டம். அதற்கும் அடியில் இரண்டாவது சதி ஒன்று ஓடுகிறது. வீரபாண்டியனின் தலையைக் கொய்த கரிகாலனைப் பழிவாங்கச் சூளுரைத்த ஆபத்துதவிகள், திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்டில் கூடுகின்றனர். முதற்சதியில் உள்ளவர்கள் இரண்டாவது சதியை அறியாமலே அதற்குக் கருவியாகின்றனர். கதையின் விரைவு இந்த இரட்டைப் பின்னலிலிருந்தே பிறக்கிறது.

நம் பகுதியினர் இக்கதையில் தனி உரிமை கொள்ளவும் இடமுண்டு. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். பாணர் என்றும் வாணர் என்றும் கல்வெட்டுகள் கூறும் அக்குலத்தாரின் கல்வெட்டுகளைக் காட்பாடியை அடுத்த திருவல்லம் கோயிலில் இன்றும் காணலாம். குடியாத்தத்திலிருந்து காலையிற் புறப்பட்டால் நண்பகலுக்குள் பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவு அது.

வாசகர் நால்வகையினர்

என் மாணவர்கள், உடன் பணியாற்றுவோர், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரிடம் உரையாடிய அளவில் வாசகரை நான்கு வகையினராகப் பகுக்கலாம் எனத் தோன்றுகிறது.

முதல் வகையினர் கதையின் விரைவில் மயங்கியவர்கள். என் பாட்டனார் இவ்வகையினர். கைலித் தறியில் அமர்ந்திருந்த அவருக்கு எழுத்தறிவு குறைவு. வார இதழ் வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் தறிக்கூடத்து வாயிற்படியில் அமர்ந்து உரக்கப் படிப்பாராம். அத்தியாயம் முடியும்வரை தறிகள் ஓயுமாம். இதழிலிருந்து கிழித்துத் தைத்த அப்பக்கங்கள் சில எங்கள் வீட்டுப் பரணில் நெடுநாள் இருந்தன. ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஒரு கதவு திறக்கும், அல்லது ஓர் உருவம் இருளில் மறையும். அடுத்த வாரம்வரை கேட்டவர்களின் கற்பனையே கதையை நடத்தும்.

இரண்டாம் வகையினர் அவ்விரைவையே குறையாகக் காண்பவர்கள். க. நா. சுப்ரமண்யம் போன்ற திறனாய்வாளர்கள் தொடர்கதை எழுத்தை இலக்கியமாக ஏற்கத் தயங்கினர். இவர்தம் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. வந்தியத்தேவன் எங்கு ஒளிந்தாலும் அங்கே ஓர் இரகசியம் பேசப்படுகிறது. ஆழ்வார்க்கடியான் வேண்டிய பொழுதெல்லாம் வேண்டிய இடத்தில் தோன்றுகிறான். தற்செயல் நிகழ்ச்சி ஓரிரு முறை நிகழ்ந்தால் வாழ்க்கை. ஓயாமல் நிகழ்ந்தால் அது ஆசிரியரின் கை. மேலும், தொடர்கதையாக வாரம் ஒன்றாகப் படித்தபோது இனித்த வருணனைகளும் நினைவூட்டல்களும், நூலாக ஒருசேரப் படிக்கும்போது நடையைத் தளரச் செய்கின்றன. மூன்றாம் பாகத்தோடு நிறுத்திய என் மாணவனைக் குறைகூற நான் விரும்பவில்லை.

மூன்றாம் வகையினர் முடிவால் ஏமாற்றமுற்றவர்கள். இவர்கள் தொகை பெரிது. கடம்பூர் மாளிகையின் இருளில் கரிகாலன் வீழ்கிறான். கொன்றவர் யாரென்று ஆசிரியர் அறுதியிட்டுக் கூறவில்லை. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். வந்தியத்தேவனைக் காக்க எண்ணிய மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். ஐந்து பாகங்கள் காத்திருந்த வாசகனுக்குக் கிட்டுவது ஒரு பெயரன்று, பல பெயர்கள். தொடர் முடிந்தபோதே இத்தகைய மனக்குறை எழுந்தது. நூலின் இறுதியில் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி வாசகர் வினாக்களுக்கு விடையிறுக்க முற்பட்டதே அதற்குச் சான்று.

நான்காம் வகையினர் வரலாற்றுப் பற்றுடையோர். கதையை மக்கள் வரலாறாகவே கொண்டுவிட்டனர் என்பது இவர்தம் கவலை. செம்பியன் மாதேவியின் உண்மை மகன் சேந்தன் அமுதன் என்பதும், அவனே உத்தம சோழனாக முடிசூடினான் என்பதும் கல்கியின் படைப்பு. கல்வெட்டுகளில் அப்படியொரு ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பாகத் திரைப்படம் வந்தபோது இக்கவலை இரட்டிப்பாயிற்று. படத்தில் மணிமேகலை இல்லை, ஆள்மாறாட்டமும் இல்லை. ஆகவே நூலை நம்பியவருக்கும் படத்தை நம்பியவருக்குமிடையே புதியதொரு பூசல் தோன்றியது. கல்வெட்டைப் பற்றி இருசாராருமே கேட்கவில்லை.

கல்லில் உள்ளது என்ன?

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏறத்தாழ கி.பி. 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரைக் குறிப்பிட்டு, அவர்தம் உடைமையைப் பற்றிய அரசாணையைக் கூறுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்றும் பட்டங்கள் காணப்படுகின்றன. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழன் என்பதோ சோழர் சார்ந்த பெயர். ஒரே குடும்பத்தில் இருவகைப் பட்டங்களும் இருப்பதால், இவர்கள் பாண்டியரின் பழிவாங்கிகளா, சோழ அரசின் அதிகாரிகளா என்னும் ஐயம் எழுகிறது. கல்கி முதற்கூற்றைப் பற்றிக்கொண்டு ஆபத்துதவிகளைப் படைத்தார்.

இவர்களைத் தூண்டியவர் உண்டா, உண்டெனில் யார் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. கொலை நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே இக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆண்டவன் உத்தம சோழன். இதனைக் கொண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. குடவாயில் பாலசுப்ரமணியன் அக்கல்வெட்டை மீண்டும் ஆராய்ந்து உத்தமனைப் பழியிலிருந்து விலக்கினார். திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிகள் வேண்டியும் அருண்மொழி தன் சிற்றப்பன் ஆள விரும்பும் வரை ஆட்சியை விரும்பவில்லை எனப் போற்றுகிறது. அதை உத்தமனின் குற்றமின்மைக்குச் சான்றாகவும் கொள்ளலாம். வென்றவர் அவைக்களத்துப் புகழ்ச்சியாகவும் கொள்ளலாம்.

அறிஞர்களே ஒரு முடிவுக்கு வராத வழக்கில் கல்கி ஒரு பெயரைக் கூறியிருந்தால், அப்பெயருக்குரியவர் தமிழ்நாட்டில் என்றென்றும் கொலைகாரராகியிருப்பார். நந்தினி கற்பனைப் பாத்திரம். அவளையே என் மாணவி வரலாற்றில் ஏற்றிவிட்டாள் எனில், உத்தம சோழனைக் கல்கி சுட்டியிருந்தால் நிலை என்னவாகியிருக்கும்? ஆதலின், மூன்றாம் வகையினர் குறையெனக் கருதும் அம்முடிவே இந்நூலின் நேர்மையான பகுதி என்பது என் துணிபு. தற்செயல்களாலும் ஒட்டுக்கேட்டல்களாலும் ஐந்து பாகங்கள் கதையை நடத்திய ஆசிரியர், கொலைப்பழி என்னுமிடத்தில் மட்டும் தம் கையை அடக்கிக்கொண்டார்.

எனினும் கல்கியைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. உத்தமனைக் கொலைப்பழியிலிருந்து காத்த அவரே, அவனது பிறப்பை மாற்றியமைத்தார். நான்காம் வகையினரின் கவலை அவ்வளவில் நியாயமானதே.

சதிக்கதையும் நாமும்

உடையார்குடிக் கல்வெட்டில் என்னை வருத்திய இடம் வேறொன்று. தண்டனை கொன்றவர்களோடு நிற்கவில்லை. அவர்களின் உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், மணவுறவினர் என உறவின்முறை முழுவதும் அதில் அடக்கப்படுகிறது. அவருள் கடம்பூரைக் கண்ணாலும் காணாதவர் எத்தனை பேரோ? கொலை நடந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் எத்தனை பேரோ? அவர்களைப் பற்றி எந்தப் புதினமும் எழுதப்படவில்லை.

சதிக்கதையின் சுவை, எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ இருக்கிறார் என்னும் நம்பிக்கையில் உள்ளது. கதையில் அது இன்பம் தரும். அதே நம்பிக்கை தெருவுக்கு வந்தால், ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குடும்பமும் குலமும் ஊரும் விடைகூற வேண்டியதாகும். சந்தையில் கிளம்பும் ஒரு வதந்தி மாலைக்குள் ஒரு தெருவையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவதை நம் காலத்தில் பார்க்கிறோம். இன்று அது கைப்பேசியில் வருவதால் மாலைவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆராயாது ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரத்தில் படித்த நமக்கு, இது புதிய பாடமன்று, மறந்த பாடம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'பொன்னியின் செல்வன்' பற்றிய கருத்து வேறுபாடுகள் யாவும் ஒரே வினாவின் கிளைகள் என்பது பெறப்படும். விரைவை விரும்பியோர் "அடுத்து என்ன?" என்றனர். திறனாய்வாளர் "இப்படி நடக்குமா?" என்றனர். ஏமாந்தோர் "யார்?" என்றனர். வரலாற்றார் "சான்று எங்கே?" என்றனர். நல்ல வாசகன் இந்நான்கையும் இதே வரிசையில் கேட்பவன். முதல் வினாவோடு நிற்பவன் கதையை மட்டும் பெறுவான். நான்காம் வினாவிலேயே தொடங்குபவன் கதையை இழப்பான்.

அம்மாணவியின் விடைத்தாளில் நான் பின்னர் ஒரு திருத்தம் செய்தேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை. அடித்த வரியின் அருகில், "யார் கொன்றார் என்று கேட்டாயல்லவா? உடையார்குடி சென்று பார்" என்று எழுதினேன். அடுத்த விடுமுறையில் அவள் தன் அத்தாவை அழைத்துக்கொண்டு காட்டுமன்னார்கோயிலுக்குச் சென்றுவந்தாள். கல்வெட்டைத் தன்னால் படிக்க முடியவில்லை என்றும், ஆயினும் பெயர்கள் அங்கே இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதாகவும் கூறினாள். "நந்தினியின் பெயர் அதில் இல்லையாம், ஐயா" என்றாள். கற்றல் அங்கேதான் தொடங்குகிறது.